பேச்சுப்பார்

அக்டோபர் 4, சனி

இன்று முதல் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். எழுதுகிற கை என்னுடையது இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் பிரிசில்லா எழுதுகிறாள். பன்னிரண்டு வரை படித்தவள். நான் பேசுகிறபடியே எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்களாம். பேப்பரில் வருகிற தமிழாக மாற்றி எழுதுகிறாள். மாற்றிக்கொள்ளட்டும். சொன்னதில் ஒன்று குறையக்கூடாது. குறைந்தால் எனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன்னால் யார் யார் எந்த வள்ளத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எழுத வைத்தவன் ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார். நேற்றுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டான்: "கித்தேரியான் மச்சான், டவரத் திருப்புதான் திருப்புதான்னு சும்மா சொன்னா ஆவுமா வே? என்னைக்குத் திருப்புனான், எந்தப் பக்கம் திருப்புனான், தேதி போட்டுக் கொண்டாரும். கலெக்டர் வரைக்கும் போவோம்."

சிரிக்கிறவனுக்கு ஏதோ தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் கடலில் பார் என்றால் அடியில் கிடக்கிற பாறை. மீன் அண்டுகிற இடம். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. பேச்சுப்பார் என்று ஒன்று இருக்கிறது, அதன் அடியில் பாறை கிடையாது, வெறும் சேறு. தங்கு கடலுக்குப் போகிறவர்கள், அதாவது பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிறவர்கள், செல்போன் சிக்னல் முடிகிற அந்த இடத்தில் எஞ்சினை அணைத்து நிற்பார்கள். கடலிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரத்துச் சிலுவை தண்ணீரில் முங்குகிற இடம் அது. ஒவ்வொருவனும் வீட்டுக்கு ஒரு போன் பேசுவான். பேசாமல் எவனும் தாண்டமாட்டான். அதற்கு அப்புறம் கரைக்கு வரும்வரை பேச்சு கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

என் மகன் லெயோனின் போன் பேச்சுப்பாரிலிருந்து எனக்கு வருவதில்லை. செல்போன் கோபுரத்தில் வெள்ளைப் பந்து ஏறியதிலிருந்து வருவதில்லை.

எங்கள் கோயில் மிக்கேல் சம்மனசு திருவிழாவுக்குக் கூட்டம் வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் போன் பேச வேண்டும் என்று கம்பெனிக்காரன் போன மாதம் அந்தப் பந்தைத் தூக்கிக் கட்டினான். ஒரு ஆள் உள்ளே குந்தலாம், அத்தனை பெரிது. பந்துக்குப் பின்னால், நிலத்துப் பக்கம், வில் மாதிரி வளைந்த ஒரு இரும்பு. அந்த வில்லில் பெட்டி பெட்டியாக மூன்று வாய்கள். திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் டவர்க்காரப் பையன் ஏறி, மேலே இருந்த மூன்று வாய்களையும் கீழே இழுத்துவிட்டு இறங்கினான். நான் கண்ணால் பார்த்தேன்.

வாயைத் தாழ்த்தினால் பேச்சு தூரம் போகுமா?

இதை எழுதும்போது பிரிசில்லா கேட்டாள்: "மாமா, திருவிழா செப்டம்பர்ல. அவுக ஒங்ககூட கடைசியாப் பேசுனது ஆடியிலல்லா?"

அதை எழுத வேண்டாம் என்றேன். அதற்குள் எழுதிவிட்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

படகுகள் இறங்கின. லெயோன் விடியும் முன்பே போய்விட்டான்.

மத்தியானம் படகு பேச்சுப்பாரை அடைகிற நேரத்துக்கு என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பித்தான் போன். எழுத்து தெரியாவிட்டாலும் எந்தப் பித்தானுக்குப் பின் எந்தப் பித்தான் என்று விரலுக்குத் தெரியும். வரவில்லை. நானே அழுத்தினேன். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு பொம்பிளை சொன்னாள். மறுபடி அழுத்தினேன். அதையேதான் சொன்னாள்.

நடுக்கடலில் அவன் யாரோடு பேசுவான்? இந்தப் பொம்பிளையும் கோபுரத்து ஆள்தான். பொய் சொல்லச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சத்தம் போட்டு மருமகளைக் கூப்பிட்டேன். அவள் கொல்லையில் இருந்தாள். கோழி பார்க்கப் போனாளாம். படகு பேச்சுப்பாரை அடைகிற நேரத்தில்தான் இவளுக்கு ஒவ்வொரு தடவையும் கோழி ஞாபகம் வருகிறது. இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் புருஷன் என் மகன் படகில்தான் வேலை செய்கிறான். அவள் குழாயடியில் நின்று சொல்கிறாள்: "நேத்து நல்லாத் தெளிவாக் கேட்டுது பெரியப்பா. சிலுவை முங்கி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயும் பேசுனாவ. முன்னைக்கு இப்பம் எவ்வளவோ தேவல."

ஒரே படகு. ஒரே இடம். அடுத்தடுத்த வீடு. அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் அடைத்திருக்கிறார்கள். யார் சொல்லி?

அக்டோபர் 9, வியாழன்

கோழி ஒன்றைக் காணவில்லை. பந்தில் மாற்றம் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

டவர்க்காரப் பையன் வந்தான். பெயர் சுடலைமணி, ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள். பக்கத்து ஊர்க் கோபுரங்களையும் இவன்தான் பார்க்கிறான்.

கோபுரம் நிற்பது கோயில் மணலில். வேலிக்கதவுச் சாவியைக் கம்பெனிக்காரன் வைத்துக்கொள்ள எங்கள் ஊர் விடவில்லை. இடம் எங்களுடையது, சாவியும் எங்களுடையது. மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துச் சாவி வீடு வீடாகப் போகும். ஆள் வந்தால் முறைக்காரன் போய்த் திறந்துவிட வேண்டும். அக்டோபர் எங்கள் முறை. நல்ல வேளை.

திறக்கும் முன் கேட்டேன், அந்தப் பந்துக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று.

"ஒண்ணும் இல்ல பெரியவரே. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா ஒரு நுரைச் சாமான். பூதக்கண்ணாடி வெயில ஒரு புள்ளியில குவிக்கும்லா, அந்த மாதிரி இது சிக்னலக் குவிக்கும். பின்னால மூணு வாய் இருக்குல்ல, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கீத்து. தர்ப்பூசணிய மூணு துண்டு போட்ட மாதிரின்னு வைங்க. பழைய பெட்டி ஆன்டெனாவா இருந்தா மூணு பெட்டி மாட்டணும். இது ஒரே பந்து."

"எங்க வீடு எந்தத் துண்டுலடே இருக்கு?"

"வீட்டுக்குன்னு தனியாத் துண்டு கிடையாது தாத்தா."

"அப்பம் வாய எதுக்குக் கீழ இறக்குன?"

"இறக்குனாத்தான் தூரம் போவும். பின்னால கீழருந்து போறது பந்துக்குள்ள திரும்பி முன்னால மேலாக்கப் போவும். பின்னால மேலருந்து போறது முன்னால கீழ வந்து மணல்ல விழும். திருவிழாக் கூட்டம் கடற்கரையிலல்லா நின்னுது? அதுக்கு மேல தூக்கி வச்சிருந்தேன். கூட்டம் போனதும் கடலுக்காக இறக்கிட்டேன். எல்லாம் எதிர்ப்பக்கம்."

இப்படி ஒரு கதை. வலையைத் தூரமாக எறிய வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டுமா, தாழ்த்த வேண்டுமா? கல் எறிகிற சின்னப் பிள்ளையும் சொல்லும். சுக்கானை வலத்தே தள்ளினால் வள்ளம் இடத்தே போகும், அது எனக்கும் தெரியும். அது தண்ணீரில் செய்கிற வேலை. காற்றில் போகிற பேச்சுக்கு ஏது சுக்கான்?

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா இப்படிச் சொல்லணும்னு?" என்று கேட்டேன்.

"டிப்ளமோவுல சொல்லிக் குடுத்தாவ," என்றான். சிரிக்கவில்லை. நல்ல நடிப்பு.

இவன் வேலை முடித்துப் போகும்போது கஸ்பார் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 17, வெள்ளி

லெயோன் கரை வந்தான். சூரை மீன் நன்றாகப் பட்டிருக்கிறது. ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டேன்.

"ஏம்ல, பேச்சுப்பாருல நின்னியளா?"

"நின்னோம்."

"எனக்குப் போன் வரலயே."

அவன் ஒரு மீனை எடுத்து வாலைத் திருப்பி அடுக்கினான். பிறகு இன்னொன்று. "சிக்னல் இல்லப்பா," என்றான்.

"ஜெசிந்தாவுக்கு வந்துருக்கு."

"அவன் போனுக்குக் கிடைக்கும். எனக்குக் கிடைக்கல."

பிரிசில்லா தட்டைக் கீழே போட்டாள். சத்தத்தில் பேச்சு நின்றுவிட்டது.

ஆக, பாதிக்கப்பட்டவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. என் மகன் பொய் சொல்கிறவன் இல்லை. சாட்சி கிடைத்துவிட்டது. கஸ்பாருக்கு இது போதும்.

ஆடி மாதத்தில் கடைசியாகப் பேசியபோது எவ்வளவு தெளிவாக இருந்தது! நீரோட்டம் பார்க்காமல் வலையை இறக்கி முறுக்கிக்கொண்டு வந்தவன் அவன். அடுத்த தடவை பேச்சுப்பாரிலிருந்து கூப்பிட்டான். அப்பொழுதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கண்ணுல்லாதவனுக்கு எதுக்குல சுக்கானு, கரையில உக்காந்து கருவாடு காயப்போடு" என்றேன். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டிருந்தானாம். ஆறு பேரும் கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். தொழில் எல்லோருக்கும் படியவேண்டும். பந்து இல்லாத காலத்தில் ஒரு சொல் பிசகாமல் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

அக்டோபர் 18, சனி

கமிட்டியில் சொன்னேன். லெயோனே சொல்கிறான் என்றேன். கஸ்பார் லெயோனைப் பார்த்தான். லெயோன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

"பாப்போம் மச்சான்," என்றான் கஸ்பார்.

பார்க்கமாட்டான். நான்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தூத்துக்குடிப் பக்கமெல்லாம் தீபாவளி. லெயோன் படகின் ஒயர்லெஸ் பெட்டி ரிப்பேருக்குப் போனது போனதுதான். கடை திறக்க வியாழன் ஆகுமாம். லெயோன் அது இல்லாமலே புதன்கிழமை போகிறேன் என்கிறான். கூடப் போகிற படகுகளில் இருக்கிறதாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று முடித்துவிட்டேன்.

சுடலைமணி பேட்டரி மாற்ற வந்தான். மழைக்கு முன்னால் மாற்றாவிட்டால் கரண்டு போனதும் கோபுரம் செத்துவிடுமாம். வேலிக்கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாவி மடியில்.

"தொறங்க பெரியவரே."

"மொதல்ல வாயத் தூக்கி வையி. பிறவு தொறக்கேன்."

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா? தூக்குனா கடலுக்குப் போவாது."

"என் மவன் சொல்லுதான் சிக்னல் இல்லன்னு. நீ கடல்ல போயிருக்கியா?"

"இல்ல."

"அவன் போயிருக்கான்."

பையன் தலையைச் சொறிந்தான். போனில் யாரிடமோ பேசினான். முன்பெல்லாம் ஆபீஸிலிருந்தபடியே மோட்டார் வைத்து அந்த வாய்களை ஏற்றி இறக்குவார்களாம். உப்புக்காற்றில் அந்தக் கம்பி அரித்துப்போனதால் இப்போது ஆள்தான் ஏறவேண்டுமாம். அப்படியென்றால் இத்தனை நாள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எங்கள் பேச்சை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்! யாரும் ஏறவேண்டாம், யாரும் பார்க்கவேண்டாம். என் சந்தேகம் சரிதான்.

வெயில் ஏறியது. பேட்டரியோடு வந்த வேன் டிரைவர் ஆரன் அடித்தான். நான் அசையவில்லை.

"ஒங்களோட மல்லுக்கட்ட முடியாது தாத்தா," என்றான் சுடலைமணி கடைசியில். "தூக்கி வைக்கேன். ரெண்டு நாள் பாருங்க. கடல்ல கேக்கலன்னா என்னயக் கூப்பிடுங்க. கீழ இறக்கித் தாறேன்."

ஏறினான். மூன்று வாய்களும் வில்லில் மேலே போயின. நான் கீழே நின்று, இன்னும், இன்னும் என்று கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்து பிரிசில்லாவிடம் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்க அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்," என்றாள்.

கேட்டுத்தானே செய்தேன்.

அக்டோபர் 22, புதன்

நான்கு படகுகள் இறங்கின. மத்தியானம் போனை மடியில் வைத்திருந்தேன். வரவில்லை. அழுத்தினேன். அந்தப் பொம்பிளை இந்தத் தடவை வேறு சொன்னாள்: தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம்.

கோழி பார்க்கப் போன பிரிசில்லா உடனே திரும்பி வந்தாள். ஜெசிந்தா எங்கள் வாசலில் வந்து நின்றாள். "ஒனக்கு வந்துச்சா?" என்று இவள் அவளைக் கேட்டாள். "ஒனக்கு?" என்று அவள் இவளைக் கேட்டாள்.

சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கிழக்கே புயல் சின்னம், நாளை இரவுக்குள் காற்று பலக்கும், கடலில் இருக்கிறவர்கள் திரும்ப வேண்டும். காலையில் வரவேண்டிய செய்தி, படகு போன பிறகு வருகிறது.

கஸ்பார் கமிட்டி ஒயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தான். வேறு ஊர்ப் படகு ஒன்று கேட்டு, அதிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்லி, எங்கள் மூன்று படகுகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவர்கள் பேச்சுப்பாரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்கள். போன் கிடைக்கவில்லை என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். நான்காவது படகு எங்கே என்று கேட்டதற்கு, "லெயோன் படகு பின்னால நின்னுட்டு, அதுக்குப் பிறவு பாக்கல" என்றார்கள்.

அந்தப் படகில்தான் ஒயர்லெஸ் இல்லை.

யாரும் தூங்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

விடிந்ததிலிருந்து கிழக்கே இருந்து கொண்டல் காற்று அடிக்கிறது. மழை விட்டு விட்டு.

பிரிசில்லா காலையிலிருந்து அவன் போனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் போனை என் கட்டிலில் எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு தடவ கூடப் பேசாமப் போனதில்லையே! ஒவ்வொரு தடவையும் பேச்சுப்பாருல நின்னு எனக்குப் பேசாமத் தாண்டவே மாட்டாவளே!"

"சிக்னல் இல்லன்னானே," என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்தாள். "ஒங்ககிட்டச் சொன்னது மாமா. ஒங்களுக்காகச் சொன்னது. சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. அவுக எனக்குத்தான் பேசுவாவ. ஒங்ககிட்டக் குடுக்கட்டான்னா வேண்டாம்பாவ."

இதை எழுதவா என்று இப்போது கேட்கிறாள். எழுது என்கிறேன்.

நான் எழுந்து சாவியைத் தேடினேன். மடியில்தான் இருந்தது. அங்கே இங்கே தேடிய பிறகுதான் கண்டேன்.

சுடலைமணிக்குக் கஸ்பார் காலையிலேயே சொல்லிவிட்டான். பையன் பைக்கில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். நான் வேலிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஊரே நின்றது. யாரும் என்னிடம் பேசவில்லை. ஒருவன் மட்டும், யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை, "தாத்தா, இப்பம் தூக்கணுமா இறக்கணுமா, சொல்லிக் குடும்" என்றான்.

"காத்துல ஏறக்கூடாதுன்னு ஆபீஸ்ல ரூல் இருக்கு," என்றான் சுடலைமணி.

"ஏறாத," என்றான் கஸ்பார். "ஆறு பேர் கெடக்கான் கடல்ல. நாங்க வேற வழி பாக்கோம்."

பையன் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தான். மழை கொஞ்சம் விட்டிருந்தது. இடுப்பில் பெல்டை மாட்டினான். "பாதி வரைக்கும் பாக்கேன். ஆட்டம் கூடுனா இறங்கிருவேன்," என்று சொல்லி ஏறினான். பாதியில் நின்றான். பிறகும் ஏறினான். பந்துக்குப் பின்னால் போய் முதல் வாயை இறக்கினான். அது உப்பு ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது, குத்தி இறக்கினான். இரண்டாவது. மூன்றாவதைத் தொடுவதற்குள் பிரிசில்லாவின் கையில் போன் அடித்தது.

சத்தம் போட்டுவிட்டாள். கூட்டமே சத்தம் போட்டது.

பேச்சுப்பாரில் சிக்னல் கிடைக்கவில்லை என்றதும் மற்றவர்கள் போய்விட, லெயோன் போகவில்லையாம். வீட்டுக்குப் பேசாமல் தாண்டமாட்டேன் என்று படகைக் கரைப் பக்கம் திருப்பி, சிக்னல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்திருக்கிறான். எஞ்சினில் தண்ணீர் ஏறிப் பழுதாகி, நங்கூரம் போட்டு இரவு முழுக்க அதைச் சரி செய்திருக்கிறார்கள். புயல் செய்தியே தெரியாது. காற்றுத் தணிந்ததும் வெளியே போகலாம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிரிசில்லா செய்தியைச் சொன்னாள். திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "மாமா பக்கத்துலதான் நிக்காவ," என்று சொல்லி, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்காமலே போனை என் கையில் திணித்தாள்.

ஆடிக்குப் பிறகு இன்றுதான்.

"லேய், யாருல சுக்கான்ல நிக்கான்?" என்றேன். "கொண்டல் கூடுததுக்கு முன்னால வடக்க பிடி. நேராக் கரைக்கு விடாத, பார்மேல ஏத்திருவ. ஐஸத் தட்டி வெளிய கொட்டு, பாரம் கொறையட்டும். கேக்குதா? வலயப் பாத்துக்கிட்டு நிக்காத. போன தடவ மாதிரி..."

"சரிப்பா," என்றான்.

அவ்வளவுதான். அடுத்து வேறு குரல், ஜெசிந்தாவின் புருஷன்: "பெரியப்பா, வாறோம். பயப்படாதிய."

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். கடலில் நிற்கிறவனுக்கு அப்பன் வழிதானே சொல்ல வேண்டும்? வேறு என்ன சொல்வது என்று பிரிசில்லாவைக் கேட்கிறேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 24, வெள்ளி

நான்கு படகும் வந்துவிட்டன. லெயோன் படகு நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில். மற்றவை இன்று காலை. கஸ்பாரின் படகு, இழுக்க நேரமில்லாமல் வலைகளை அறுத்துவிட்டு வந்தது.

சாவியைக் கஸ்பாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதம் முடியவில்லையே என்றான். முடிந்துவிட்டது என்றேன். வலையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

"தேதி போட்டு எழுதுனதக் கொண்டாரும் வே, வாசிப்போம்," என்றான் அவன் தம்பி. அண்ணன் அதட்டினான்.

அக்டோபர் 27, திங்கள்

மழை. எல்லோரும் வீட்டில். லெயோன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகாணி ஒன்றைத் தப்பாக மாட்டினான். பிறகு அவனே கழற்றிச் சரியாக மாட்டினான்.

இனி எதற்கு எழுதுகிறோம் மாமா என்று பிரிசில்லா கேட்கிறாள். பழகிவிட்டது என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். லெயோனின் அம்மா கல்லறைக்கு வெள்ளை அடித்தோம். அவன் மெழுகுவத்தி கொளுத்தினான். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம் நான் கையால் மறைத்துப் பிடித்தேன், அந்தப் பக்கம் அவன் பிடித்தான். நின்று எரிந்தது.

"அம்மாகிட்ட ஒங்களுக்குப் பேசத் தெரியும்லாப்பா," என்றான் திடீரென்று. "அம்மாகிட்ட நீங்க மெதுவாத்தான் பேசுவிய."

என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கடல் தெளிந்துவிட்டது. படகுகள் இறங்கின. ஒயர்லெஸ் சரியாகி வந்துவிட்டது. லெயோன் வாசலில் நின்று, "வாறேம்ப்பா," என்றான். காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வாய் வந்தது. வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் போனை மடியில் வைத்திருந்தேன். நானாக அழுத்தவில்லை.

பிரிசில்லாவின் போன் அடித்தது. இன்று அவள் கொல்லைக்குப் போகவில்லை. அடுப்படி நிலையில் நின்றபடியே பேசினாள். "ம்... சாப்பிட்டாச்சு... மாத்திர போட்டுட்டாவ... இங்கதான் இருக்காவ." என்னைப் பார்த்தாள். "குடுக்கட்டா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. படகில் யாரோ சிரிப்பதும், தண்ணீர் பலகையில் அடிப்பதும் மட்டும் கேட்டது. அவ்வளவு தெளிவு. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி," என்றாள். "சரி, பரவால்ல. அடுத்த தடவ பாப்போம். வச்சிருதேன்."

முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒங்ககிட்டக் குடுக்கத்தான் வந்தேன் மாமா. சிக்னல் கட்டாயிட்டு."

நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து ஜன்னல் வழியே பந்து தெரியும். மேகமில்லாத வெயிலில் பளிச்சென்று நிற்கிறது. மூன்று வாய்களும் இருக்கவேண்டிய கீழ் இடத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஜெசிந்தா அதே படகில் இருக்கிற புருஷனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டி வருகிறது.

"ஆமா," என்றேன். "அந்தச் சனியன் பிடிச்ச பந்து. எழுதிக்கோ தாயி. இன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லை."

பேனாவை எடுத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதினாள்.